முஸவ்வதாவும் முபய்யளாவும்: குடும்பச் சமையல் ஏடுகள் குறித்து

ஹிஜ்ரி 623ஆம் ஆண்டில், கி.பி. கணக்கில் 1226இல், பக்தாது நகரத்து எழுத்தர் ஒருவர் தமக்குப் பிடித்த உணவுகளின் செய்முறைகளைத் திரட்டி ஒரு நூலாக எழுதி முடித்தார். முஹம்மது இப்னுல் ஹஸன் அல்பக்தாதீ என்பது அவர் பெயர். ‘கிதாபுத் தபீக்’ என்னும் அந்நூலில் ஏறத்தாழ 160 செய்முறைகள் உள்ளன. அவர் எழுதி முடித்த முப்பத்து மூன்றாம் ஆண்டில், ஹிஜ்ரி 656இல், பக்தாது மங்கோலியரிடம் வீழ்ந்தது. அந்நகரின் நூற்செல்வம் அழிந்தது. இந்தச் சமையல் ஏடு தப்பிப் பிழைத்து இஸ்தான்பூல் சேர்ந்தது. 1934இல் தாவூத் செலபீ என்னும் அறிஞர் மோஸுல் நகரில் அதனைப் பதிப்பித்தார். 1939இல் ஏ. ஜே. ஆர்பரி அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பு வெளிவந்தது லண்டனிலோ பாரிஸிலோ அன்று. நம் நாட்டு ஹைதராபாத்திலிருந்து வெளிவந்த ‘இஸ்லாமிக் கல்ச்சர்’ என்னும் காலாண்டிதழில். ஆகவே சமையல் குறிப்பேட்டைப் பற்றி ஆய்விதழ் ஒன்றில் எழுதுவது தகுமா என்று தயங்கும் வாசகருக்குக் கண்ணியமான முன்னுதாரணம் உண்டு.

அல்பக்தாதீ தம் முன்னுரையில் உலக இன்பங்களை உணவு, பானம், உடை, தாம்பத்தியம், நறுமணம், இசை என ஆறாகப் பகுத்து, உணவுக்கே முதலிடம் அளிக்கிறார். தமக்கு முன் எழுதப்பட்ட சமையல் நூல்களில் விந்தையான, பழக்கமில்லாத பண்டங்கள் மலிந்திருப்பதைக் கண்டு, தாம் விரும்பியவற்றை மட்டும் தேர்ந்துகொண்டதாகவும் கூறுகிறார். அவருக்கு முன் பத்தாம் நூற்றாண்டில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் தொகுத்த பெருநூல் கலீஃபாக்களின் அடுக்களைகளையும் அவர்தம் அவைப் பாடல்களையும் ஒருங்கே கொண்டது. ஹிஜ்ரி 377இல் இப்னுன் நதீம் எழுதிய ‘அல்ஃபிஹ்ரிஸ்த்’ சமையல் நூல்களுக்கெனத் தனிப் பட்டியலே தருகிறது. அந்த நெடிய வரிசையில் அல்பக்தாதீயின் நூல் வேறுபட்டு நிற்பதற்குக் காரணம் ஒன்றே: அது அரசனுக்காக எழுதப்பட்டதன்று, தன் வீட்டுக்காக எழுதப்பட்டது. இன்று நம் இல்லங்களில் பெண்மக்கள் நிழற்படங்களும் பழைய காகிதத் துணுக்குகளும் ஒட்டி உருவாக்கும் குடும்பச் சமையல் ஏடுகளுக்கு அதனை மூத்த உறவென்று கொள்வதில் பிழையில்லை.

அத்தகைய ஏடுகள் இரண்டு சென்ற ஆண்டு என் கைக்கு வந்தன. இரண்டும் முத்தியால்பேட்டைக் குடும்பம் ஒன்றுக்கு உரியவை. அவர்களின் இசைவுடன், பெயர் குறிப்பிடாமல் எழுதுகிறேன். முதலாவது பழைய கணக்குப் பேரேடு. அக்குடும்பத்தின் நன்னியார் தம் கையால் எழுதியது. அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. இரண்டாவது, பேத்தி அதனைப் பார்த்துப் புதிதாகச் செய்தது. கனத்த தாள், வண்ணப் படங்கள், ஓரங்களில் பூவேலை. குடும்பத்தில் நடக்கவிருந்த நிகாஹின்போது உறவினருக்கு அன்பளிப்பாகத் தருவதற்கு ஐம்பது படிகள் அச்சிடுவதாக இருந்தார்கள். அதற்கு ஓர் அணிந்துரை வேண்டும் என்று கேட்டார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தபின் அணிந்துரை எழுதக் கை வரவில்லை. ஏன் என்று விளக்க முற்பட்டதன் விளைவே இக்கட்டுரை.

அரபு எழுத்தர் மரபில் இரண்டு சொற்கள் உண்டு. ஆசிரியர் அடித்தும் திருத்தியும் ஓரத்தில் சேர்த்தும் மை படிந்து கறுத்த முதற்படி ‘முஸவ்வதா’. அதனைப் பார்த்துத் தெளிவாக வெள்ளைத் தாளில் எழுதிய படி ‘முபய்யளா’. கறுப்பாக்கியது, வெளுப்பாக்கியது என்பவை நேர்ப்பொருள். பாரசீகத்திலும் உருதுவிலும் கவிதை, மருந்து, செய்முறை ஆகியவற்றைக் கலந்து எழுதிவைக்கும் கைந்நூலுக்குப் ‘பயாள்’ என்று பெயர் வந்ததும் வெண்மையைக் குறிக்கும் அவ்வேரிலிருந்தே. ஹகீம்களின் பயாள்கள் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டன. பஹாவுத்தீன் அல்ஆமிலீ தம் பலசரக்குத் தொகுப்புக்குப் பிச்சைப் பாத்திரத்தைக் குறிக்கும் ‘அல்கஷ்கூல்’ என்ற பெயரையே சூட்டினார். கிடைத்ததையெல்லாம் ஏற்றுக்கொள்ளும் பாத்திரம். ஒட்டுப் புத்தகம் என்பது மேலை நாட்டுப் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் இவற்றை நினைவில் கொள்வது நல்லது.

நன்னியாரின் பேரேடு மெய்யாகவே ஒரு கஷ்கூல். அதன் முதற் பக்கங்களில் சமையலே இல்லை. அவர் கணவரின் துணிக் கணக்கு இருக்கிறது. புதுச்சேரி நகரின் வடபால் அமைந்த முத்தியால்பேட்டை பழைய நெசவூர். இவ்வட்டாரத்தில் நெய்து அவுரி நீலமூட்டிய ‘கினே’ துணி ஒரு காலத்தில் பிரெஞ்சுக் கப்பல்களில் ஏறி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் வரை சென்றது. கிழக்கே சைகோனுக்கும் நம் மக்கள் வணிகத்தின் பொருட்டுப் பெருந்தொகையாகச் சென்றனர். அந்நகரின் தோங் தூ வீதியில் 1935இல் எழுந்த பள்ளிவாசல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டியதே. இக்குடும்பத்தாரும் சைகோனில் இருந்து திரும்பியவர்கள். கணக்கு முடிந்த இடத்தில் ஒரு பக்கம் விட்டு நன்னியாரின் எழுத்து தொடங்குகிறது; தமிழில் பாதி, அரபுத் தமிழில் பாதி. மஞ்சளும் நெய்யும் படிந்த தாள்கள். இடையிடையே பத்திரிகைத் துணுக்கு, திருமண அழைப்பின் ஓரம், வேறொருவர் எழுத்தில் ஒட்டப்பட்ட சீட்டு.

பேத்தியின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அரபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் அக்குடும்பத்தில் இருவரே எஞ்சியுள்ள நிலையில், எழுத்தெழுத்தாகக் கற்றுக்கொண்டு படியெடுத்திருக்கிறாள் அப்பெண். நம் கல்லூரி மாணவர் சிலருக்கே இப்பொறுமை இல்லை. எனினும் திறனாய்வாளன் உழைப்பை வாழ்த்துவதோடு நின்றுவிட முடியாது.

அளவைகளை முதலில் எடுத்துக்கொள்வோம். நெய்ச்சோற்றுக்கு நன்னியார் எழுதியிருப்பது ‘நம் பித்தளை ஆழாக்கால் மூன்று’ என்பது. புதிய ஏட்டில் அது கிராம் கணக்காகியிருக்கிறது. எங்கிருந்து வந்தது அக்கணக்கு? ஓர் ஆழாக்குக்கு இத்தனை கிராம் என்று பொதுவாகக் கிடைக்கும் வாய்பாட்டிலிருந்து. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்னும் வாய்பாடு எங்கும் ஒன்றுதான்; ஆனால் படியே ஊருக்கு ஊர் வேறு. அதனால்தான் நன்னியார் ‘நம்’ என்று எழுதினார். அச்சொல் புதிய ஏட்டில் இல்லை.

ஃபிக்ஹு கற்றவர்களுக்கு இவ்விடத்தில் ஒரு புகழ்பெற்ற நிகழ்ச்சி நினைவுக்கு வரும். ஒரு ‘ஸாஉ’ என்பது எட்டு ரத்ல் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. அவர்தம் மாணவர் இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) மதீனா வந்து இதுபற்றி வினவியபோது, முஹாஜிர், அன்ஸாரிகளின் வழிவந்த முதியவர்கள் ஏறத்தாழ ஐம்பது பேர் தத்தம் வீட்டு ஸாஉப் பாத்திரத்தை மேலாடைக்குள் வைத்துக் கொண்டுவந்தார்கள். என் தந்தை அவர் தந்தையிடமிருந்து பெற்றது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் ஃபித்ரா அளந்து கொடுத்தது என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். அளந்து பார்த்தபோது எல்லாம் ஐந்தே மூன்றில் ஒரு ரத்லாக இருந்தன. அபூயூஸுஃப் அவர்கள் தம் ஆசிரியரின் கருத்தை விட்டு மதீனாவாசிகளின் கருத்துக்கு மாறினார்கள். ஒரு மாபெரும் சட்ட அறிஞரின் கருத்தை மாற்றியது அடுக்களைப் பாத்திரம். அந்தப் பித்தளை ஆழாக்கு இன்னும் அவ்வீட்டுப் பரணில் இருக்கிறது. இறக்கி, அரிசி நிரப்பி, தராசில் வைத்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

கிராமாக மாற்றவே கூடாது என்பதன்று என் வாதம். எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ நூலும் ஒரு குடும்ப ஏட்டின் விரிவே; உறவினர்கள் கடிதத்தில் ஓயாமல் கேட்ட செய்முறைகளை நூலாக எழுதிவிடும்படி அவர் உறவினர் கே. வி. கிருஷ்ணசாமி ஐயர் தூண்டியதன் பயன். பழைய அளவைகளில் எழுதப்பட்ட அந்நூல் பின்வந்த தலைமுறைக்காக மாற்றி அமைக்கப்பட்டதாலேயே இன்றும் பயன்படுகிறது. ஆனால் ஹதீஸ் கலையில் சொல்லை அப்படியே அறிவித்தலும் பொருளை மட்டும் அறிவித்தலும் வெவ்வேறு தரத்தவை. பொருளை அறிவிப்பவர் அதனை ஒப்புக்கொண்டு அறிவிக்க வேண்டும். மூலச் சொல்லை மேலே வைத்து, கிராமை ஓரத்தில் ஹாஷியாவாக எழுதலாம். ‘கைப்பிடி’, ‘ஒரு கொதி’, ‘மணம் மாறும்வரை’ ஆகியவற்றுக்கு மாற்றுக் கணக்கே கிடையாது. அவற்றையும் அப்பெண் நிமிடங்களாக்கியிருப்பது வீண் துணிச்சல்.

பெயர்களின் கதை இதனினும் வருத்தம் தருவது. பேரேட்டில் பெரும்பாலான குறிப்புகளின் தலைப்பில் யார் சொன்னது என்பது உண்டு. ‘மூத்த சாச்சி சொன்னது’, ‘பண்டாரி சொன்னது’, ‘மாவு இடிக்க வரும் அம்மா சொன்னது’, ‘கிறிஸ்தவத் தெரு டீச்சரம்மா எழுதிக் கொடுத்தது’. எழுத்தறிவு மிகுதியாக இல்லாத ஒரு பெண்மணி, எவரும் சொல்லாமலே, இஸ்னாத் எழுதியிருக்கிறார்! புதிய ஏட்டில் எல்லாம் ‘எங்கள் நன்னியின் கைப்பக்குவம்’ ஆகிவிட்டன. அன்பால் செய்ததுதான். ஆனால் அன்பு ஓர் அறிவிப்பாளரை நீக்கிவிட்டு மற்றொருவரை அமர்த்த உரிமை தருவதில்லை. கலீஃபா மஃமூனின் மனைவி பூரான் பெயரால் வழங்கும் ‘பூரானிய்யா’ கத்தரிக்காய்ப் பண்டம் பன்னிரண்டு நூற்றாண்டுகளாகப் பெயர் மாறாமல் ஆப்கானிஸ்தான் முதல் ஸ்பெயின் வரை பரவியிருக்கிறது. அதனை முதலில் வதக்கிய அடுக்களைப் பெண்ணின் பெயரை எவரும் அறியார். அரண்மனைக்கு நேர்ந்த அக்குறையை முத்தியால்பேட்டைப் பேரேடு தவிர்த்திருந்தது. முபய்யளா அதனை மீண்டும் கொண்டுவந்துவிட்டது.

டீச்சரம்மா கொடுத்த சீட்டு, புதுச்சேரிக் கிறிஸ்தவ இல்லங்களில் நத்தார் நாளுக்குச் செய்யும் ‘விவிக்கம்’ கேக்குக்கானது. ரவையும் நெய்யும் ரம்மில் ஊறிய பழங்களும் சேர்வது. ‘ரம்’ என்னும் சொல்லை நன்னியார் ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே ‘சாத்துக்குடிச் சாறு’ என்று எழுதியிருக்கிறார். அடித்த கோட்டினூடே பழைய சொல் தெளிவாகத் தெரிகிறது. அண்டை வீட்டாரின் அன்பையும் மார்க்கத்தின் வரம்பையும் ஒருசேரக் காத்த ஒரு கோடு அது! அவர் சீட்டைக் கிழித்துப் போடவில்லை. கொடுத்தவர் மனம் நோகத் திருப்பித் தரவுமில்லை. புதிய ஏட்டில் ‘ஆரஞ்சு கேக்’ என்று தலைப்பிட்டு, டீச்சரம்மாவும் இல்லை, கோடும் இல்லை, விவிக்கமும் இல்லை.

இங்கே புதுச்சேரிச் சமையல் என்று வெளியுலகம் அறிந்திருப்பது பற்றி இடைப்பிறவரலாகச் சில சொல்ல வேண்டும். லூர்து திருவான்சியம்–லூயி ஆங்கிலத்தில் எழுதி 2012இல் வெளிவந்த ‘தி பாண்டிச்சேரி கிச்சன்’ இந்தோ–பிரெஞ்சு நிலத்தின் மரபுச் சமையல் என்று தன்னை அறிவித்துக்கொண்ட நூல். வரவேற்கத்தக்க முயற்சி, ஒரு சமூகம் தன் அடுக்களையைத் தானே எழுதிக்கொண்டது. ஆயினும் இன்று சுற்றுலா விளம்பரங்களிலும் உணவகங்களிலும் புதுச்சேரி என்றாலே பிரெஞ்சும் தமிழும் கலந்த ஒரே ஒரு சுவை என்னும் எண்ணம் நிலைபெற்றுவிட்டது. நம் வீட்டுப் பெண்கள் உளுந்து, வெங்காயம், பூண்டு, கடுகு, வெந்தயம் சேர்த்து விளக்கெண்ணெய் பிசைந்து உருட்டி நாள் கணக்கில் வெயிலில் காயவைக்கும் வடகம், பிரான்சில் ‘வதுவான்’ என்னும் பொடியாகிப் புட்டியில் விற்கிறது. வெயிலும் விளக்கெண்ணெயும் போய்விட்டன. அர்ஜுன் அப்பாதுரை 1988இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை ஒன்று, சமையல் நூல்கள் எவ்வாறு வட்டாரங்களைப் பிறர் பார்வைக்கேற்பச் சுருக்கித் தேசியச் சமையல் ஒன்றை உருவாக்குகின்றன என்று காட்டியது. முஸ்லிம் அடுக்களை அச்சுருக்கத்தில் பெரும்பாலும் ‘முகலாய்’ என்றோ பிரியாணி என்றோ முடிந்துவிடுகிறது. மலபாரில் உம்மி அப்துல்லா போன்றோர் எழுதியதால் அவ்வூர்ச் சமையல் தன் முகத்தோடு நிற்கிறது. புதுவை முஸ்லிம்களாகிய நாம் எழுதாமல் இருந்துவிட்டுப் பிறரைக் குறை கூறுவதில் நியாயமில்லை.

எழுதும்போதும் பிறர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே எழுதுகிறோம் என்பதற்கு இந்தப் புதிய ஏடே சான்று. நன்னியாரின் பேரேட்டில் ‘சாயோ’ என்று ஒரு குறிப்பு. சைகோனிலிருந்து திரும்பியோர் கொண்டுவந்து, இன்று புதுச்சேரியில் எல்லாரும் உண்ணும் உருட்டுப் பலகாரம். அங்கே அதில் பன்றி இறைச்சி இடுவது வழக்கம். இவர் ஆட்டுக் கைமா இடுகிறார். தொட்டுக்கொள்ளும் மீன்சாற்றுக்குப் பதில் புளி, வெல்லம், பச்சைமிளகாய். ‘அத்தா கடையில் இருந்தபோது வெள்ளிக்கிழமை செய்தது’ என்று ஒரு வரி. புதிய ஏட்டில் அந்த ஒற்றை வரி நீங்கி, ‘பிரெஞ்சு–வியட்நாம் பாணிச் சிற்றுண்டி’ என்னும் விளக்கமும் எங்கிருந்தோ எடுத்த அழகிய படமும் வந்துள்ளன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஷாம் நாட்டில் ‘அல்வுஸ்லா இலல் ஹபீப்’ எழுதிய ஆசிரியர், தாம் செய்து சுவைத்துப் பார்க்காத எதையும் சேர்க்கவில்லை என்று உறுதி கூறுகிறார். படத்தில் இருப்பது தன் வீட்டில் பொரித்ததா என்று அப்பெண்ணைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே இல்லை என்றாள்.

இப்போது என்னை உண்மையில் தடுத்து நிறுத்திய பக்கங்களுக்கு வருகிறேன். அல்லது, இல்லாத பக்கங்களுக்கு. பேரேட்டின் பிற்பகுதியில் பதினொரு தாள்கள் புதிய ஏட்டில் அறவே இடம்பெறவில்லை. மவ்லிது ஓதியபின் வழங்கும் நார்சா, கந்தூரிச் சோறு, ஃபாத்திஹா நாள்களின் பண்டங்கள் ஆகியவை அவற்றில் உள்ளன. அக்குடும்பத்து இளைஞர் ஒருவர், இவையெல்லாம் பித்அத், அச்சிட்டுப் பரப்பினால் நாமும் பாவத்தில் பங்காவோம் என்று சொல்லி நீக்கச் செய்திருக்கிறார். அவர் தீனில் பற்றுடையவர். கேலிக்கு உரியவர் அல்லர். மவ்லிது, கந்தூரி குறித்து ஆலிம்களிடையே உள்ள கருத்து வேற்றுமையை இங்கே தீர்க்கவும் நான் முற்படவில்லை. கேள்வி வேறு: நடந்ததை எழுதிவைப்பது அதனை ஆதரிப்பது ஆகுமா?

நம் முன்னோர் அவ்வாறு கருதவில்லை. ஹதீஸ் அறிஞர்கள் பலவீனமான அறிவிப்புகளையும் தொகுத்து, அவற்றின் பலவீனத்தைப் பக்கத்திலேயே எழுதினார்கள். புனைந்துரைகளுக்கென்றே தனி நூல்கள் உண்டு. அல்பீரூனீ (ரஹ்) இந்துக்களின் கொள்கைகளையும் சடங்குகளையும் அவர்கள் சொன்னவாறே பதிவு செய்தார். தாம் எழுதுவது தர்க்கநூல் அன்று என்று தெளிவாக்கிக்கொண்டே செய்தார். ஓரத்தில் ‘இக்காலத்தில் நாங்கள் இதனைச் செய்வதில்லை’ என்று அவ்விளைஞர் ஒரு வரி எழுதியிருந்தால் அவர் மனச்சாட்சியும் காக்கப்பட்டிருக்கும், பாட்டனாரின் காலமும் காக்கப்பட்டிருக்கும். தாளை நீக்கியதால் தலைமுறைகள் இரண்டுக்கிடையே கருத்து மாறியது என்னும் செய்தியே மறைந்துபோகிறது. அதுதானே அவருடைய வெற்றியும்?

இதில் கொடுமையானது ஒன்று. அப்பதினொரு தாள்களில் ஒன்றின் தலைப்பு ‘மய்யித்து வீட்டுக்கு அனுப்பும் சோறு’. மிளகு ரசம், பருப்பு, வெள்ளைச் சோறு. எத்தனை பேருக்கு எவ்வளவு, எந்தத் தேக்சாவில் வைப்பது, யார் கொண்டுபோவது என்பதெல்லாம் உள்ளன. இறப்பு வீட்டார் பிறருக்குச் சமைக்கும் வழக்கமன்று இது. அண்டை வீட்டார் துக்கத்தில் இருப்போருக்குச் சமைத்து அனுப்புவது. ஹிஜ்ரி 8இல் மூத்தா போரில் ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) ஷஹீதான செய்தி வந்தபோது அவர் குடும்பத்தாருக்கு உணவு சமைத்து அனுப்புமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தது அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் வந்திருக்கிறது. பித்அத்தை நீக்கப் புகுந்த கை ஸுன்னத்தான ஒரு தாளையும் சேர்த்து நீக்கிவிட்டது. தலைப்பில் மய்யித்து என்னும் சொல் இருந்தது. படித்துப் பார்க்கவில்லை, அவ்வளவே. நான் அத்தாளை அவர்முன் விரித்து வைத்தபோது அவர் நெடுநேரம் பேசவில்லை.

நீக்கிய தாள்களில் எண்ணிக்கையும் உண்டு. ‘முப்பது சஹன், ஒரு சஹனுக்கு நால்வர்’ என்று தொடங்கும் குறிப்பொன்றில் அரிசி, இறைச்சி, விறகு, பண்டாரி கூலி ஆகிய அனைத்தும் உள்ளன. நெசவுத் தொழில் நலிந்திருந்த காலத்தில் ஒரு நடுத்தரக் குடும்பம் நூற்றிருபது பேருக்கு எவ்வாறு உணவளித்தது என்பதற்கு நம்மிடம் வேறென்ன ஆவணம் இருக்கிறது? சமையல் ஏடு சமையலை மட்டும் சொல்வதில்லை. தெரேசின்ஸ்தாத் சிறைமுகாமில் நாஜிகளால் அடைக்கப்பட்டுப் பட்டினி கிடந்த யூதப் பெண்கள் நினைவிலிருந்து எழுதிய செய்முறைகள், மினா பெக்டர் என்பவர் இறக்குமுன் ஒப்படைத்துச் சென்ற கைப்பிரதி வழியாக 1996இல் நூலாயின. லைலா அல்ஹத்தாதும் மேகி ஷ்மிட்டும் கஸ்ஸாவின் இல்லங்களில் புகுந்து தொகுத்த ‘தி காஸா கிச்சன்’ நூலில், 1948இல் ஊரிழந்தோரின் கிராமங்கள் அவர்தம் பண்டங்களின் வழியே பேசுகின்றன. அவ்வில்லங்களில் எத்தனை இன்று நிற்கின்றன என்று எண்ணும்போது கை நடுங்குகிறது. அப்பெண்கள் எவரும் ‘இது எழுதத் தகாதது’ என்று ஒரு வரியைத் தள்ளும் வசதி பெற்றிருக்கவில்லை.

பேரேட்டிலேயே இல்லாத ஒன்றும் உண்டு: நோன்புக் கஞ்சி. முதலில் வியந்தேன், பிறகு விளங்கிற்று. கஞ்சி பள்ளிவாசலில் காய்ச்சப்பட்டது. அஸருக்குப் பின் தூக்குப் பாத்திரத்துடன் பிள்ளைகள் சென்று வாங்கி வந்தார்கள். எந்த வீட்டு ஏட்டிலும் அதற்கு இடம் தேவைப்படவில்லை. 2020ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் வந்த ரமளானில், பெருந்தொற்றால் பள்ளிவாசல்கள் அடைபட்டிருந்தபோதுதான் பல இல்லங்களில் பெண்கள் முதன்முறையாகச் சிறு சட்டியில் கஞ்சி காய்ச்சக் கற்றார்கள். புதிய ஏட்டில் அக்குறிப்பு இருக்கிறது. நொய்யரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், கைமா, தேங்காய்ப்பால். ‘ஊரடங்கில் அம்மாவும் நானும் மூன்றாம் நோன்பில் சரியாகக் கண்டுபிடித்தது’ என்று அப்பெண் எழுதியிருக்கிறாள். அந்த ஏட்டிலேயே மிகச் சிறந்த பக்கம் அதுதான். தான் அறிந்ததை, தான் செய்ததை, தேதியோடு எழுதியிருக்கிறாள். அங்கே பூவேலை இல்லை.

அல்பக்தாதீயின் காலத்தவரான இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) (மறைவு ஹி. 643) அறிவைப் பெறும் வழிகளை எட்டாக வகுத்தார்கள். ஆசிரியர் சொல்லக் கேட்பது முதலாவது. ஆசிரியரிடம் படித்துக்காட்டி ஒப்புதல் பெறுவது இரண்டாவது. எழுதியவரைச் சந்தித்துக் கேளாமல் அவர் கையெழுத்தைக் கண்டெடுப்பது ‘விஜாதா’, எட்டில் கடைசி. நன்னியார் மறைந்தபின் பேரேட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துப் படியெடுத்தது விஜாதா. ஆனால் நன்னியாரின் தம்பி மனைவி, எண்பது கடந்த பெருமாட்டி, அதே வீட்டின் பின்கட்டில் இருக்கிறார். அவர் அந்த அடுக்களையில் முப்பது ஆண்டுகள் உடனிருந்து சமைத்தவர். அவரிடம் எவரும் ஏட்டைப் படித்துக்காட்டவில்லை. பார்வை மங்கிவிட்டது, எதற்குத் தொல்லை என்று விட்டுவிட்டார்களாம்.

என் வேண்டுகோளின்பேரில் ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் அவர் முன்னிலையில் பேத்தி பேரேட்டைப் படித்தாள். நான் வாசலறையில் அமர்ந்து கேட்டேன். பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் கொடுக்கும் மருந்துக் குழம்பு என்னும் குறிப்பு வந்தது. பூண்டு, சுக்கு, திப்பிலி, பிறகு ‘மிள’ என்பதோடு தாளின் ஓரம் உதிர்ந்திருந்தது. புதிய ஏட்டில் ‘மிளகாய் ஏழு’ என்றிருந்ததை அவள் படித்தாள்.

“யாரும்மா சொன்னது மிளகாய்னு? பச்ச உடம்புக்காரிக்கு மிளகாய் குடுப்பாங்களா? மிளகும்மா, மிளகு. ஏழுன்னா ஏழு மிளகு இல்ல, ஏழு நாளைக்கு” என்றார் அப்பெருமாட்டி.

ஐம்பது படிகள் அச்சேறியிருந்தால் ஐம்பது வீடுகளில் அந்த மிளகாய் போயிருக்கும். மூலப்பாட ஆய்வு என்பது பழஞ்சுவடி அறிஞர்களின் பொழுதுபோக்கு என்று கருதும் என் மாணவர்களுக்கு இனி இதனையே சான்றாகச் சொல்வேன்.

அன்று அவர் மேலும் பல சொன்னார். நெய்ச்சோற்றுக்குரிய குறிப்பு நன்னியாருடையதே அன்று, தம் மாமியாருடையது என்றார். மாவு இடிக்க வந்த அம்மாவின் பெயரையும் சொன்னார். அப்பெயர் பேரேட்டிலும் இல்லாதது. பேத்தி எழுதுகோலை எடுத்துப் புதிய ஏட்டின் வழவழப்பான தாளிலேயே அடித்துத் திருத்தத் தொடங்கினாள். சிறிது நேரத்தில் அந்த முபய்யளா முஸவ்வதாவாகக் கறுத்துவிட்டது.

நிகாஹுக்கு ஏடு அச்சாகவில்லை. மணமக்களுக்கு வேறு அன்பளிப்பு தந்தார்கள். வெள்ளிக்கிழமை வாசிப்பு தொடர்கிறது. பரணிலிருந்து ஆழாக்கை இறக்கி நிறுத்துவிட்டார்கள். முன்பு எழுதியிருந்த கணக்குக்கும் அதற்கும் மூன்று ஆழாக்கில் ஒரு கைப்பிடிக்கு மேல் வேறுபாடு. நீக்கிய பதினொரு தாள்களில் மய்யித்து வீட்டுச் சோறு திரும்பச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஏனைய பத்தைப் பற்றிக் குடும்பத்தில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். டீச்சரம்மாவின் சீட்டை அடித்த கோட்டோடு அப்படியே நிழற்படம் எடுத்து ஒட்டுவதாகப் பேத்தி சொல்கிறாள். என் அணிந்துரைக்கு அவர்கள் இன்னும் அவசரப்படுத்தவில்லை.